காயம்பட்ட கால் யாருடையது?

கடந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் ஊரில் நடந்த கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில், வலது விங்கில் பந்தை வாங்கி உள்பக்கமாகத் திரும்பிய 17 வயதுப் பையன் ஒருவன் யாரும் தொடாமலே கீழே விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. இரண்டு கைகளாலும் இடது முழங்காலைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டான். கோட்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது. மோதலே இல்லாமல் ஓர் ஆட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை நான் என் உடம்பால் அறிந்தவன்.

நான்கு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிவந்து பூவரச மரத்தடியில் கிடத்தினோம். கூட்டத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "எந்த டீமுக்கு ஆடுன பய? அவங்க பாத்துக்கிடுவாங்கல்லா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பையன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கு அவன் இனி உரியவன் இல்லை. கல்லூரியில் இன்னும் சேரவில்லை. அன்று அவன் போட்டிருந்த பனியன் பக்கத்து ஊர் கிளப் ஒன்றினுடையது. அந்தப் போட்டிக்கு மட்டும் அழைத்திருந்தார்கள். அவனுடைய அப்பா ஆழ்கடலுக்குத் தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தகவல் சொல்லக்கூட வழி இல்லை.

பெரியவரின் கேள்விக்குப் பதில் கிடைக்காத அந்த அரை நிமிடம் அதற்குப் பிறகு என்னை விட்டு அகலவே இல்லை. பள்ளி விளையாட்டு, கல்லூரி விளையாட்டு, தொழில்முறை விளையாட்டு என்று மூன்று படிகளாகப் பிரித்துப் பேசுகிறோம். மூன்றிலும் ஆடியவன், அல்லது மூன்றாவது படியின் வாசல் வரை போய்த் திரும்பியவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கோப்பை கிடைத்தால் அது எந்த அறையின் கண்ணாடி அலமாரிக்குப் போக வேண்டும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது; கால் ஒடிந்தால் அது யாருடைய கணக்கில் சேரும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டினத்தைத் தாண்டி மேற்கே வந்தால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரை ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய். நடுவே உள்ள ஒடுங்கிய மண்ணில் வீடும் ஆலயமும் பள்ளிக்கூடமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மைதானத்துக்கு இடமில்லாத இந்தக் கரையில் கால்பந்து வேரூன்றியதற்குக் காரணம் கடற்கரைதான். அலை இறங்கிய ஈரமணலில் பந்து உருளும். கொஞ்சம் மேலே ஏறிக் காய்ந்த மணலுக்கு வந்தால் பந்து புதைந்து நிற்கும். ஆகவே எங்கள் பிள்ளைகள் பந்தைத் தரையிலிருந்து காலால் கோரி எடுத்துக் காற்றிலேயே வைத்து ஆடப் பழகிவிடுகிறார்கள். கம்புகளை நட்டு, கிழிந்துபோன மீன் வலையை அதில் கட்டினால் கோல் போஸ்ட் ஆகிவிடும். மணலில் பல ஆண்டுகள் ஓடிய கால்களுக்கு ஒரு வலு உண்டு. விழுந்தாலும் மணல் தாங்கிக்கொள்ளும். இப்போது அந்தக் கரையில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. நான் சிறுவயதில் ஆடிய இடத்தில் இன்று தடுப்புச் சுவரின் பாறைகள் கிடக்கின்றன. பிள்ளைகள் இறுகிப்போன செம்மண் தரைக்கு இடம் மாறியிருக்கிறார்கள். மணலில் வெறுங்காலுடன் வளர்ந்த பையன் ஸ்டட் வைத்த பூட்டை மாட்டிக்கொண்டு கெட்டித் தரையில் ஆடும்போது, பூட் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்புகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்.

பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. வசதி இருந்தது என்பதால் இல்லை. வசதி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. உடற்கல்வி ஆசிரியரின் அறையில் இருந்த முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் ஒரு கத்தரிக்கோலும் மட்டுமே இருந்தன. ஆனால் எங்கள் பி.டி. சார் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கணுக்காலையும் முழங்காலையும் தொட்டு அழுத்திப் பார்ப்பார். "வலிக்கின்னா மொதல்லயே சொல்லணும் மக்களே. மறைச்சா அடுத்த மேட்ச்சு கெடையாது" என்பார். குறுவட்டப் போட்டியில் என் நண்பனின் கை முறிந்தபோது, ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் சைக்கிளின் பின்னால் அவனை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே மார்த்தாண்டம் வரை நடந்தவர் அவர். மாவு கட்டி முடிந்ததும் அவனை வீட்டுக்கும் கொண்டுவிட்டார். அந்த ஆண்டு மாவட்ட அளவில் நாங்கள் தோற்றோம். சார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

1998ஆம் ஆண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். கல்விக் கட்டணம் இல்லை, விடுதி இலவசம், சாப்பாடு இலவசம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கப்பட்ட பிறகு குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்திருந்தன. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணி, அதில் ஆடினால் தென்மண்டலப் போட்டி, அதில் யாராவது கண்ணில் பட்டால் வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை. கடலோரத்தில் பிறந்த ஒரு பையனுக்குக் கடலுக்குப் போகாமல் பிழைப்பதற்கு அப்படி ஒரு பாதை திறந்திருந்தது. அந்தப் பாதையை நான் இன்றும் மதிக்கிறேன். கல்லூரி விளையாட்டு இல்லாமல் போயிருந்தால் எங்கள் ஊரில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப்பேர் வாங்கியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் ஆண்டில் இறுதிப்போட்டிக்கு ஐந்து நாள் முன்பு என் வலது முழங்கால் வீங்கியது. அணிக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் சொன்னேன். அவர் முழங்காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "நீ இல்லாம ஃபைனல் எப்பிடி?" என்றார். அந்தக் கேள்வியில் எனக்குப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வலி மாத்திரை இரண்டு, முழங்காலைச் சுற்றிக் கிரேப் பேண்டேஜ், ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் குளிர் ஸ்ப்ரே. இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் பந்துக்குத் தலை கொடுக்க எழும்பி ஒற்றைக் காலில் இறங்கினேன். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ஈரத் துணியை உதறும்போது கேட்பது போன்ற சத்தம். பக்கத்தில் நின்ற எதிரணி பேக், தடுப்பாட்டக்காரன், அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். வலி அந்த நொடியில் பெரிதாக இல்லை. எழுந்து ஓர் அடி வைத்தபோதுதான் தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் ஒரு பக்கமும் நழுவுவதை உணர்ந்தேன். அன்று எங்கள் கல்லூரி ஜெயித்தது. பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோது நான் மைதானத்துக்கு வெளியே ஆட்டோவுக்குக் காத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்தவற்றில் எனக்கு ஆறாமல் இருப்பது ஒன்றுதான். அடுத்த மாதம் விடுதியிலிருந்து மெஸ் பில் வந்தது. ஆடுகிறவர்களுக்குத்தான் சாப்பாடு இலவசம், நான் ஆடவில்லை என்று அலுவலகத்தில் விளக்கம் சொன்னார்கள். சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் முன் இருந்த விதிப்புத்தகத்தில் காயம் என்ற சொல்லே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் கை, கால் பிசகினால் முதலில் போவது ஆசானிடம். வர்மமும் கட்டு வைத்தியமும் இங்கே தலைமுறைகளாக இருந்துவருபவை. அதை இளக்காரமாகப் பேசுகிறவன் நான் இல்லை. ஆசான் மூன்று வாரம் எண்ணெய் இட்டுக் கட்டுப் போட்டார். வீக்கம் முழுக்க வற்றியது. நாலாவது வாரம் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்புன்னா நான் பாத்துக்கிடுவேன் மக்களே. இது உள்ள அறுந்து கெடக்கு. நீ திருவனந்தபுரம் போ" என்றார். தன் கைக்கு எட்டாதது எது என்று அறிந்து சொன்ன அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். திருவனந்தபுரத்தில் மருத்துவர் என் முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கெண்டைக்காலை முன்னே இழுத்தார். மேசை இழுப்பறையைப் போல எலும்பு முன்னால் வந்தது. அவர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். முன்புறச் சிலுவைத் தசைநார், ஆட்டக்காரர்கள் ஏ.சி.எல். என்று சொல்வது, முழுவதும் அறுந்திருந்தது. முழுவதும் அறுந்த அந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அதன் இடத்தில் பொருத்துகிறார்கள். அம்மாவின் ஏழு பவுன் சங்கிலியும், அப்பாவின் இரண்டு தங்கல் பங்கும் அந்த அறுவைச் சிகிச்சைக்குப் போயின. நடக்க முடிந்தது. ஓடவும் முடிந்தது. ஆனால் ஒரு பேக்கைத் தாண்டித் திரும்பும்போது அந்தக் காலை நம்பும் மனம் திரும்பிவரவில்லை. பயிற்சியாளர்கள் அதை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது நான் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன்.

தொழில்முறை விளையாட்டு என்றால் எங்கள் தலைமுறைக்குத் துறை அணிகள்தான், அதாவது ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வங்கிகளும் அரசு நிறுவனங்களும் நடத்திய அணிகள். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி. எல்லைக்கு அப்பால் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர், டைட்டானியம், கேரளா போலீஸ். 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது கேரளா போலீஸ் அணி என்பதை எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். துறை அணிகளைப் பழைய காலத்து ஏற்பாடு என்றும், அரைகுறைத் தொழில்முறை என்றும் பலர் ஒதுக்கிப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கிக்கு ஆடியவருக்குக் கால் போனால் அவர் மறுவாரம் முதல் கவுண்டரில் உட்கார்ந்தார். சம்பளம் வந்தது, மருத்துவச் செலவுக்கு வழி இருந்தது, ஓய்வூதியம் வந்தது. ஆட்டக்காரரின் காயத்துக்கு இந்தியாவில் இருந்த சிறந்த காப்பீடு அந்த வேலைதான். 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது, பத்திரிகைகள் அதை வங்கிச் செய்தியாக எழுதின. எங்கள் கரையில் அது விளையாட்டுச் செய்தியாகவும் பேசப்பட்டது.

அந்த இடத்துக்குத் தனியார் கிளப்புகள் வந்தன. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, 2017–18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்வு பெற்று, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குச் சென்று, 2019–20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற அணியில் இருந்தார். இந்திய அணிக்கும் ஆடினார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் இதே பாதையில் வந்தவர். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆட்டங்களைப் பார்த்தோம். 2020 நவம்பர் 20 அன்று கோவாவில், சீசனின் முதல் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஆடிய சூசைராஜ் கால்மணி நேரம்கூட ஆகுமுன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் கண்டபோது என் கை தானாக என் முழங்காலுக்குப் போனது. அந்த சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. ஆனால் அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். பிறகு ஒடிசா அணிக்கும் ஆடினார். அவருடைய மன உறுதியை வணங்குகிறேன். அதோடு சேர்த்து, காயம்பட்ட நேரத்தில் ஓர் ஆட்டக்காரருக்குக் கையில் ஒப்பந்தமும் பக்கத்தில் மருத்துவக் குழுவும் இருப்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதையும் அன்று நினைத்துக்கொண்டேன். உலக அளவில் இன்னும் மேலே போனால், நாட்டுக்காக ஆடப்போன வீரர் 28 நாட்களுக்கு மேல் ஆட முடியாமல் போனால் அவருடைய கிளப்புக்கு இழப்பீடு தரும் திட்டத்தை ஃபிஃபா 2012 முதல் நடத்திவருகிறது. ஒரு வீரருக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ. உச்சியில் காயத்துக்கு விலை உண்டு. படி இறங்க இறங்க அது குறைந்து, எங்கள் பூவரச மரத்தடிக்கு வரும்போது ஒன்றும் இல்லாமல் ஆகிவிடுகிறது.

உச்சியும் கெட்டியானது என்று சொல்லிவிட முடியாது. 2018–19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணி சில ஆண்டுகளிலேயே அந்த லீக்கில் இல்லாமல் போனது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நன்றாக ஆடும் நூற்றுக்கணக்கானோர் சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அந்த உச்சிக்கும் எங்கள் பூவரச மரத்தடிக்கும் இடையில் செவன்ஸ் இருக்கிறது. நவம்பர் முதல் மே வரை மலப்புறம் பக்கம் நடக்கும் எழுவர் கால்பந்துக்கு எங்கள் கரையிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்கே பணம் கைக்கு வரும். கேலரி நிறைய ஆள், நல்ல மரியாதை. ஆனால் அது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரத்துக்கு வெளியே நடக்கும் ஆட்டம்; அங்கே கால் போனால் சம்மேளனத்திடம் முறையிட வழி இல்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடிய பாலக்காட்டுக்காரர் ராதாகிருஷ்ணன் தனராஜன், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார். வயது 39. அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு, 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதிப்போட்டியில் டெம்போ அணிக்காக இரண்டாவது கோலை அடித்த கையோடு கோல்கீப்பருடன் மோதி விழுந்த பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் உயிரிழந்தார். மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு நாடு முழுவதும் எழுந்தது. நான் அதற்குள் கால் சரியாகி நடந்துகொண்டிருந்தேன். இனி எல்லாம் மாறும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அரசை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, பயணத்துக்கும் கருவிகளுக்கும் பணம் இல்லாத வீரர்களுக்கு உதவுகிறது. ஆனால் இவை பெரும்பாலும் வென்றவர்களைத் தேடி வருபவை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் விபத்துக் காப்பீடு 18 வயது முடிந்தவர்களுக்குத்தான். அதுவும் உயிரோ கையோ காலோ கண்ணோ போனால்தான் பணம். அறுந்த நாருக்கு அதில் இடமில்லை. மாணவனை விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் ஒவ்வொரு கல்லூரியும், அவன் அந்தக் கல்லூரிக்காக ஆடிக் காயப்பட்டால் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கும்வரை அவனுடைய விடுதியும் சாப்பாடும் தொடர வேண்டும். இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். காயத்தோடு ஆடலாமா என்பதைக் கோப்பைக்குப் பொறுப்பானவர் முடிவு செய்யவே கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியக் கோப்பையை வென்ற பிறகு எங்கள் பக்கத்திலும் பெண்கள் பந்தைத் தொடத் தொடங்கியிருக்கிறார்கள். இதே நார் அறுபடும் ஆபத்து ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் சில காரியங்களைத் தொடங்கியிருக்கிறோம். மீன்பிடி ஊரில் ஐஸுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு படகு கடலுக்குப் போகும்போது டன் கணக்கில் ஏற்றுகிறோம். ஆனால் இத்தனை ஆண்டுகளாக மைதானத்துக்கு ஒரு கட்டி ஐஸைக் கொண்டுவர யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. இப்போது ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் பொடித்த ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி ஒன்று கோட்டுக்கு அருகில் இருக்கிறது. காயங்களைத் தடுப்பதற்காக ஃபிஃபா வகுத்த 20 நிமிட உடற்பயிற்சி முறையை இரண்டு பையன்கள் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். போட்டியில் சேரும் ஒவ்வோர் அணியும் நுழைவுக் கட்டணத்தோடு காய நிதிக்கென்று தனியே ஒரு தொகை கட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். ஓர் அணி கட்ட மறுத்துப் போய்விட்டது. அடுத்த ஆண்டு வருவார்கள் என்று நினைக்கிறேன்.

விழுந்த பையனை மே மாதம் ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிச்சென்றேன். அதே நார்தான். அவனுடைய அப்பா கரை திரும்பிய மறுவாரம் அறுவைச் சிகிச்சை நடந்தது. செலவில் ஒரு பங்கை ஊர் ஏற்றது, மீதியைக் கடன் வாங்கினார்கள். தையல் பிரித்துவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது, காலை எதிர் இருக்கையின் அடியில் நீட்டிவைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவன், களியக்காவிளை தாண்டியதும், "மாமா, டாக்டர் ஒம்பது மாசம்னாருல்லா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். விரலை மடக்கி மாதங்களை எண்ணினான். பிப்ரவரியில் வந்து நின்றான். "யுனிவர்சிட்டி செலக்ஷன் அதுக்கு முன்னயே முடிஞ்சிரும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், இந்த முறை ஜூன் மாதத்திலிருந்து, எண்ணத் தொடங்கினான்.